சொல்லும் அதன் இடமும்: அன்றாட ஆங்கிலம் கற்கும் வழி

(தோட்ட மண்டபம் ஒன்றில், முதியோர் கல்வி வகுப்பின் தொடக்க நாளன்று நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பொழுது புலருமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி, பால் சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, இளைப்பாற வேண்டிய மாலை நேரத்தில் இம்மண்டபத்திற்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். இந்த ஆர்வத்தை நான் மதிக்கின்றேன். ஆகவே உங்கள் பொழுதை வீணாக்காமல், அன்றாட வாழ்வுக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களை எவ்வாறு கற்பது என்னும் ஒரு பொருளைப் பற்றி மட்டுமே பேச விரும்புகின்றேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். நான் தோட்டப் பள்ளியொன்றில் ஆசிரியனாக இருந்த காலம், 1983ஆம் ஆண்டு. அடுத்த லயத்தில் குடியிருந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்கு, மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் கத்தி நழுவிக் கணுக்காலுக்கு மேலே ஆழமான வெட்டுக்காயம் ஏற்பட்டது. தோட்டத்து டிரஸ்ஸர் இரத்தத்தை நிறுத்திப் பட்டணத்து மருந்தகம் ஒன்றுக்கு அனுப்பி வைத்தார். அங்கே தையலிட்டுக் கட்டுப் போட்டனர். புறப்படும்போது அங்கிருந்த தாதி ஆங்கிலத்தில் விரைவாக இரண்டு செய்திகளைச் சொன்னார். "சேஞ்ச் த டிரெஸ்ஸிங் எவ்ரி டூ டேஸ். கீப் இட் டிரை." நண்பரும் "யெஸ், யெஸ்" என்று தலையசைத்து விட்டு வந்து விட்டார்.

நான் பார்க்கச் சென்றபோது அவர் பெருமையோடு சொன்னார்: "வாத்தியாரையா, அந்தம்மா சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை உடுப்பை மாத்தணும். துவைச்சுக் காய வைச்ச உடுப்பா இருக்கணும்." சுத்தத்தை வலியுறுத்தும் மருந்தகம் போலும் என்று நானும் எண்ணிக்கொண்டேனே தவிர, அந்தத் தாதி உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு.

அவர் நாள்தோறும் குளித்தார், கட்டு நனைந்தது. இரண்டு நாளைக்கு ஒரு முறை சட்டையையும் கைலியையும் தவறாமல் மாற்றினார். கட்டு மட்டும் அப்படியே இருந்தது. ஏழாம் நாள் காய்ச்சல் கண்டது. கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது காயம் சீழ் பிடித்திருந்தது. ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டியவர் ஐந்து வாரம் படுக்கையில் கிடந்தார். கால் பிழைத்தது, ஆனால் ஐந்து வாரக் கூலி போயிற்று. அவ்வீட்டில் அடுப்பெரிய அக்கம்பக்கத்தார் அரிசி கொடுத்து உதவ வேண்டியதாயிற்று.

அன்பர்களே, அவர் ஆங்கிலம் அறியாததால் இவ்வாறு நேர்ந்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். "சேஞ்ச்" என்றால் மாற்றுதல். அது அவருக்குத் தெரியும். "டிரெஸ்" என்றால் உடுப்பு, அதுவும் தெரியும். "டூ டேஸ்" என்றால் இரண்டு நாள், அதுவும் தெரியும். சொற்கள் தெரிந்திருந்தன. ஆனால் அச்சொற்கள் மருந்தகத்தில் என்ன பொருள் தரும் என்பது தெரியவில்லை. துணிக்கடையில் "டிரெஸ்" என்றால் உடுப்பு. மருந்தகத்தில் "டிரெஸ்ஸிங்" என்றால் காயத்திற்கு மருந்திட்டுக் கட்டிய கட்டு. நம் தோட்டத்து மருத்துவ உதவியாளருக்கு டிரஸ்ஸர் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். காயத்திற்குக் கட்டுப் போடுபவர் டிரஸ்ஸர். அப்பெயரை அந்த நண்பர் பிறந்த நாள் முதல் நாவால் சொல்லி வந்திருக்கின்றார். அதன் பொருளை ஒரு நாளாவது எண்ணிப் பார்த்திருந்தால், அந்த ஐந்து வாரத் துன்பம் வந்திராது.

"டிரை" என்ற சொல்லும் அப்படியே. பால் நிறுக்கும் கொட்டகையில் டி.ஆர்.சி. என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். "டிரை ரப்பர் கன்டென்ட்" என்பதன் சுருக்கம் அது. நூறு பங்குப் பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்கு வரையே உலர்ந்த ரப்பர் இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்த உலர்ந்த ரப்பரின் அளவைக் கண்டுதான் பாலுக்கு மதிப்புப் போடுகின்றனர். அங்கே "டிரை" என்றால் நீரில்லாத, ஈரமில்லாத என்று பொருள். "கீப் இட் டிரை" என்று தாதி சொன்னதற்கும் பொருள் அதுவே: கட்டை ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவைக் கொட்டகையில் தெரிந்த சொல்லை மருந்தகத்தில் அடையாளம் கண்டுகொள்ள இயலவில்லை.

ஆகவே இன்று நான் சொல்ல வந்த கருத்து இதுதான்: சொல்லைத் தனியே கற்காதீர்கள், அது வழங்கும் இடத்தோடும், அது வரும் வாக்கியத்தோடும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

நமக்கு ஆங்கிலமே தெரியாது என்று தயங்குபவர்கள் உங்களிடையே இருக்கலாம். அது முற்றிலும் உண்மையன்று. வரிசையாகக் கட்டிய வீடுகளை ஆங்கிலத் துரைமார் "லைன்" என்றனர். நாம் அதை லயம் ஆக்கிக்கொண்டோம். காலையில் ஆள்கணக்கு எடுக்கக் கூடுவதை அவர்கள் "பெரேட்" என்றனர். நாம் பெரட்டு என்றோம். "ரோல்" என்றால் பெயர்ப்பட்டியல். அதுவே செக்ரோல் ஆயிற்று. பிள்ளைகளின் வகுப்பில் பெயர் கூப்பிடுவதும் "ரோல் கால்" தான். "டாஸ்க்" என்றால் ஒருவருக்கு ஒதுக்கிய வேலை. நமக்கு அது ஒருவர் வெட்டும் மரங்களின் எண்ணிக்கை. "ரப்பர்" என்னும் பெயருக்கே ஒரு கதை உண்டு. "ரப்" என்றால் தேய்த்தல். காய்ந்த மரப்பால் பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்கும் என்பதை ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1770ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். தேய்க்கும் பொருள் ஆதலின் அது "ரப்பர்" ஆயிற்று. இனி, தைலப் புட்டியில் "ரப்" என்ற சொல்லைக் கண்டால் அது தேய்க்கும் மருந்து, குடிக்கும் மருந்தன்று என்பது உங்களுக்கு விளங்கும் அன்றோ?

பிறமொழிச் சொல்லை ஏற்பதில் நமக்கு வெட்கம் வேண்டுவதில்லை. ஆங்கிலமும் நம்மிடமிருந்து வாங்கியிருக்கின்றது. கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் சுருட்டும் உருமாறி ஆங்கில அகராதியில் இடம்பெற்றிருக்கின்றன. நம் கங்காணியும் அங்கே இருக்கின்றார்.

இனி, ஒரே சொல் இடத்திற்கு இடம் எப்படி மாறுகின்றது என்பதைப் பார்ப்போம். "டேப்" என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் அது மரத்தை வெட்டிப் பாலெடுத்தல். வீட்டில் அது தண்ணீர்க் குழாய். கதவின்முன் அது மெல்லத் தட்டுதல். பயண அட்டையைப் பயன்படுத்தும் பேருந்தில் "டேப் யுவர் கார்ட்" என்றால் அட்டையை இயந்திரத்தின் மேல் தொட்டு எடுத்தல்.

"லைட்" என்றால் விளக்கு என்பது யாவர்க்கும் தெரியும். ஆனால் மருத்துவர் "லைட் டூட்டி" என்று எழுதிக் கொடுத்தால், விளக்குப் போடும் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. உடம்பு தேறும்வரை இலேசான வேலை மட்டுமே தரவேண்டும் என்பது அதன் பொருள். அந்தத் தாளை அலுவலகத்தில் காட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் பால் சுமந்து மீண்டும் நோயில் விழுந்தவர்கள் உண்டு.

"நெட்" என்றால் பூப்பந்தாட்ட வலை. ஆனால் நிறுவையில் "நெட் வெயிட்" என்றால் வாளியின் எடையைக் கழித்த பின் நிற்கும் எடை. சம்பளச் சீட்டில் "கிராஸ் பே" என்றால் கழிவுகளுக்கு முந்திய மொத்தச் சம்பளம். "டிடக்‌ஷன்" என்றால் பிடித்தம். "நெட் பே" என்றால் பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை. வாளியைக் கழித்தால் நிற்பது பாலின் எடை; பிடித்தத்தைக் கழித்தால் நிற்பது உங்கள் பணம். இரண்டிலும் "நெட்" ஒன்றே. சம்பளச் சீட்டு வந்தவுடன் இந்த மூன்று வரிகளையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் மகிழ்ச்சி. புரியாவிட்டால் கிராணியாரிடம் பணிவுடன் கேட்பது உங்கள் உரிமை.

நம் எழுத்தில் ஒரு சிறு இடர்ப்பாடும் உண்டு. மருந்தகத்தில் கட்ட வேண்டிய தொகைச் சீட்டையும் "பில்" என்றே எழுதுகின்றோம். விழுங்க வேண்டிய மாத்திரையையும் "பில்" என்றே எழுதுகின்றோம். ஆங்கிலத்தில் அவற்றுக்கு வெவ்வேறு எழுத்து, வெவ்வேறு ஒலி. சீட்டைச் சொல்லும்போது ஒலி சற்று அழுத்தமாக, "பந்து" என்பதை நாம் பேச்சில் சொல்வதுபோல் வரும். மாத்திரையைச் சொல்லும்போது "பழம்" என்பதில் உள்ள ஒலி வரும். காது பிரித்தறியாவிட்டாலும் கவலை வேண்டாம்; பக்கத்துச் சொல் காட்டிக் கொடுக்கும். "டேக் த பில்" என்றால் மாத்திரையை உட்கொள்ளுங்கள். "பே த பில்" என்றால் பணத்தைக் கட்டுங்கள். பக்கத்துச் சொல்லைக் கவனிப்பவர் ஏமாறுவதில்லை.

நம் நாட்டில் நமக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. தேசிய மொழியாகிய மலாய் மொழியை நாம் நாள்தோறும் பேசுகின்றோம், படிக்கின்றோம். மலாயிலும் ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள் பல. மலாயில் "லெசென்", ஆங்கிலத்தில் "லைசென்ஸ்". மலாயில் "ரெசிட்", ஆங்கிலத்தில் "ரிசீட்". கிளினிக், டாக்டர், பஸ், கவுண்டர் எல்லாம் அப்படியே. ஆகவே மலாய்ப் பலகையைப் படிக்கத் தெரிந்தவர் ஆங்கிலப் பாதையில் பாதித் தூரம் வந்துவிட்டார் எனலாம்.

ஆயினும் அங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஏ, ஐ, ஆர் என்னும் மூன்று எழுத்துகள் மலாயில் "ஆயர்" என ஒலித்துத் தண்ணீரைக் குறிக்கும். ஆங்கிலத்தில் "ஏர்" என ஒலித்துக் காற்றைக் குறிக்கும். பெட்ரோல் நிலையத்தில் அந்த மூன்று எழுத்துகளோடு "ஆங்கின்" என்னும் மலாய்ச் சொல்லும் சேர்ந்து எழுதியிருந்தால், அங்கே முன்னது தண்ணீர், பின்னது காற்று. மோட்டார் சைக்கிளின் டயருக்கு எந்தக் குழாயை எடுப்பது என்பதைப் பக்கத்துச் சொல்லே உங்களுக்குச் சொல்லிவிடுகின்றது.

அடுத்ததாக, மருந்தகத்தில் வேண்டிய சில தொடர்களைச் சொல்கின்றேன். இவற்றைப் பெண்மக்கள் குறிப்பாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்களே. "ஒன்ஸ் எ டே" என்றால் நாளைக்கு ஒரு வேளை. "ட்வைஸ் எ டே" என்றால் இரு வேளை. "த்ரீ டைம்ஸ் எ டே" என்றால் மூன்று வேளை. "பிஃபோர் ஃபுட்" உணவுக்கு முன். "ஆஃப்டர் ஃபுட்" உணவுக்குப் பின். "ஷேக் வெல்" என்றால் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். "ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி" என்றால் உடம்பின் வெளியே பூசுவதற்கு மட்டும்; வாயில் ஊற்றக் கூடாது. "ஒன் டீஸ்பூன்" என்றால் ஐந்து மில்லிலிட்டர் அளவுள்ள சிறு கரண்டி. "ஒன் டேபிள்ஸ்பூன்" என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. இரண்டிலும் "ஸ்பூன்" என்று வருவதால் வீட்டிலுள்ள ஏதோ ஒரு கரண்டியை எடுத்துவிடாதீர்கள். பச்சைக் குழந்தைக்கு மூன்று மடங்கு மருந்து பேராபத்து ஆகலாம்.

வேலை செய்கையில் அடிபட்டால் இன்னும் இரண்டு தொடர்கள் வேண்டும். "அட் வொர்க்" என்றால் வேலையின்போது. "ஐ காட் ஹர்ட் அட் வொர்க்" என்று சொன்னால், வேலையின்போது எனக்கு அடிபட்டது என்று பொருள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற பெர்க்கேசோ, வேலையில் காயமுற்ற சந்தாதாரர்களுக்கு உதவித்தொகை வழங்குகின்றது. மருத்துவர் குறைந்தது நான்கு நாள் விடுப்பு அளித்திருந்தால், நாட்கூலிச் சராசரியில் 80 விழுக்காடு கிடைக்க வழியுண்டு. "அன்ஃபிட் ஃபார் வொர்க்" என்று மருத்துவர் எழுதினால் வேலை செய்யத் தகுந்த நிலையில் இல்லை என்பது பொருள். நீங்கள் தகுதியற்றவர் என்று இகழ்ந்ததாக வருந்த வேண்டாம். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்து அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

மரியாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் முடிவிலேயே இருக்கின்றது. "கொடு" என்பதற்கும் "கொடுங்கள்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு குழந்தையும் அறியும். ஆங்கிலத்தில் "கிவ் மீ" என்பதில் அந்த "ங்கள்" இல்லை. அதைத் தருவது "ப்ளீஸ்" என்னும் சொல். "ப்ளீஸ்" இல்லாமல் கேட்டால், நாம் பணிவாக நினைத்தாலும் கேட்பவர் காதில் கட்டளையாக விழும். அதேபோல், ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்னும் இரண்டிற்கும் "யூ" என்ற ஒரே சொல்தான். வயதில் இளைய தாதி ஒருவர் உங்களை "யூ" என்றால், நம்மை நீ என்று அழைத்துவிட்டாரே எனச் சினம் கொள்ள வேண்டாம். அரசரையும் ஆண்டியையும் அம்மொழி அப்படித்தான் அழைக்கின்றது.

இவை எல்லாவற்றையும்விட முதலில் கற்க வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. "ப்ளீஸ் சே இட் அகேன், ஸ்லோலி." தயவுசெய்து மீண்டும் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்பது இதன் பொருள். நம்மவரில் பலர் புரியாவிட்டாலும் "யெஸ்" என்று தலையாட்டிவிடுகின்றோம். கேட்டால் படிக்காதவன் என்று எண்ணிவிடுவார்களோ என்னும் கூச்சமே காரணம். பாலின் எடையில் ஐயம் வந்தால் மீண்டும் நிறுக்கச் சொல்ல நாம் கூசுவதில்லை. உடம்பைப் பற்றிய செய்தியில் மட்டும் ஏன் கூச வேண்டும்? மீண்டும் கேட்டபின், புரிந்ததை உங்கள் வாயால் மலாயிலோ தமிழிலோ அவரிடம் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். தவறாக இருந்தால் அங்கேயே திருத்தப்படும். இது சொல்பவருக்கும் உதவி. விரைவாகப் பேசுபவர் எல்லாரும் இரக்கமற்றவர் அல்லர். நமக்குப் புரிந்துவிட்டது என்றே அவர் நம்பிவிடுகின்றார்.

இறுதியாக, கற்கும் முறை. சிறிய குறிப்பேடு ஒன்று வாங்குங்கள். அகராதியைப் போல் எழுத்து வரிசையில் எழுத வேண்டாம். முதல் பக்கத்தின் தலைப்பு "மருந்தகம்", அடுத்தது "நிறுவைக் கொட்டகை", அடுத்தது "சம்பளம்", பிறகு "பேருந்து", "கடை", "பிள்ளைகளின் பள்ளி". ஒரு சொல்லைக் கேட்டால் அதைக் கேட்ட இடத்தின் பக்கத்தில் எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல், வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதுங்கள். ஆங்கில எழுத்துத் தெரியாதவர்கள் தமிழெழுத்தில் ஒலியைக் குறித்துக்கொண்டு, பிள்ளைகளைக் கொண்டு பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதச் செய்யுங்கள். பிள்ளைக்கும் அது பாடமாகும். வாரத்திற்கு ஐந்து வாக்கியம் போதும். அதை ஐந்து நாளும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓராண்டில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட வாக்கியங்கள் உங்கள் உடைமையாகிவிடும்.

அன்று காயம் பட்ட நண்பரின் கதையை முடிக்காமல் விடக்கூடாது. கால் ஆறியபின் அவர் என் இரவு வகுப்பிற்கு வந்தார். அவர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், தம் கையாலேயே கோணல் எழுத்தில் எழுதிய முதல் வரி, "கீப் இட் டிரை." அடுத்த ஆண்டு அண்டை வீட்டுச் சிறுவனுக்குக் கையில் தீக்காயம் பட்டபோது, அவன் தாயோடு துணைக்குச் சென்றவர் அவரே. அங்கே தாதி சொன்னதைக் கேட்டுவிட்டு, "ப்ளீஸ் சே இட் அகேன், ஸ்லோலி" என்றாராம். தாதியும் முகம் மலர்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, கையாலும் காட்டினாராம். சிறுவனின் கட்டு இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒழுங்காக மாற்றப்பட்டது, நனையாமலும் காக்கப்பட்டது. கை நன்றாக ஆறிற்று.

தாய்மொழியை நெஞ்சிலும் தேசிய மொழியை நாவிலும் வைத்துப் போற்றும் நாம், இந்த மூன்றாம் மொழியையும் நம் தேவைக்குக் கருவியாக்கிக்கொள்வோம். நல்ல தொழிலாளி கத்தியை மரத்தின் பட்டையறிந்து ஓட்டுவான். சொல்லையும் இடமறிந்து வழங்குவோம். இன்றிரவே முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டு உறங்கச் செல்லுங்கள். நாளை வகுப்பில் அதை நான் கேட்பேன்.